எருமை எழுத்து

என் அண்ணனுக்குச் சோறு குழைந்தாலும் கோபம் வராது, சட்டை கிழிந்தாலும் கவலை கிடையாது. அவன் வரைந்த எழுத்தை மட்டும் யாரும் நசுக்கக் கூடாது. நசுக்கினால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான்.

நான்கு வருடம் அறைக்குள் அடைந்து, கட்டம் போட்ட தாளில் வரைந்து, பிறகு கணினியில் எழுத்துருவாக ஏற்றிய எழுத்து. தடித்த கோடு, அகலமான உடம்பு, சுழிக்குள் துளி வெள்ளை. நடுரோட்டில் படுத்த எருமையைப் போலக் கிடக்கும். 'எருமை' என்று பெயர் வைத்ததே என் கணவர்தான். "மச்சான், உங்க எருமை இன்னைக்கு பஸ்ல ஏறிப் போச்சு" என்பார். மருந்துக்கடை, தள்ளுபடி பேனர், லாரி முதுகு என எங்கு பார்த்தாலும் அதுதான்.

என் கணவர் வேலை செய்த சோப்புத் தொழிற்சாலையும் எச்சரிக்கைப் பலகைகளை அவனிடமே கேட்டது. தூணில் மாட்டும் ஒடுக்கமான பலகை. 'எச்சரிக்கை' ஒரே வரியில் அடங்கவில்லை.

பலகை அடிப்பவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கொஞ்சம் நசுக்கினா ஒரே வரியில வந்துடும் சார். கீழே விஷயத்தைப் பெருசாப் போடலாம்."

"நசுக்கினா அது என் எழுத்தே இல்ல!"

வார்த்தை இரண்டு வரியாக உடைந்து பலகையை அடைத்துக்கொண்டது. அடியில் மிஞ்சிய விரலளவு இடத்தில் விஷயம் எறும்பு வரிசையாகப் போனது. அன்று எங்கள் வீட்டில், என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபடி, தன் எழுத்தின் அழகைப் பற்றி ஒரு மணி நேரம் அளந்தான்.

அடுத்த மாதம் என் கணவரைக் கலவை இயந்திரத்துக்கு மாற்றினார்கள். முதல் நாள். சுவிட்சை அணைத்தார். எச்சரிக்கை என்று கொட்டை எழுத்தில் இருந்ததால் கவனமாகத்தான் மூடியைத் திறந்து குனிந்தார். உள்ளே கத்திகள் இன்னும் நிற்கவில்லை. முகத்தைப் பார்க்க என்னை விடவில்லை.

"போர்டுல தெளிவா எழுதித்தான் வெச்சிருக்கோம். படிக்காதது அவர் தப்பு" என்றார் மேலாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா அஜாக்கிரதையால் செத்தார் என்று கேட்டே என் மகள் வளர வேண்டுமா? விசாரணையில் அவர் மேல் தப்பில்லை என்று எழுதினால் போதும், வேறெதுவும் வேண்டாம் எனக்கு.

விசாரணை அதிகாரி என் அண்ணனை அதே இயந்திரத்தின் முன் நிறுத்தினார். "இங்கேருந்து போர்டைப் படிங்க."

"எச்சரிக்கை."

"கீழே?"

அந்த வரி அவனுக்கு மனப்பாடம் என்று எனக்குத் தெரியும். அதே தொழிற்சாலை கொடுத்த இன்னும் நூறு பலகைக்கான வேலை அவன் மேஜையில் இருந்தது. மேலாளர் அவனையே பார்த்தார்.

"தெரியலைங்க" என்றான்.

"நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமாங்க. எழுதின எனக்கே தெரியல. இடத்தை எல்லாம் நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். என் கணவர் மேல் தப்பில்லை.

வாயிலைத் தாண்டியதும் அண்ணன் தானாகவே சொன்னான்: "அணைத்த பின் இரண்டு நிமிடம் கழித்தே மூடியைத் திறக்கவும்."

அப்படியே நின்றுவிட்டேன். "பாவி! அன்னைக்கு அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டியே, அப்ப இதை ஒரு தடவையாவது சொன்னியா?"

"இல்லம்மா" என்றான். "சுழி நல்லா வந்திருக்குன்னுதான் சொன்னேன்."