வலியசாலையில் நான் நட்ட புளியமரம்

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் காலை எட்டு மணிக்குத் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினேன். வந்தவாசியிலிருந்து திண்டிவனம் வரை பஸ், பிறகு செங்கோட்டை வழியாக ரயில். மாதிரிக்கு ஆறு கோரைப்பாய் கையில். தங்கப்போகும் வலியசாலை அங்கிருந்து முக்கால் மைல்தான். குதிரைவண்டிக்கு, இந்த ராஜ்யத்துக் காசில், நாலு சக்கரம். வண்டிக்காரர் பாயைத் தடவிப் பார்த்து, "இதில கெடந்தா நல்ல உறக்கம் வரும், அல்லே?" என்றார். வியாபாரம் நடக்கும் என்று எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

சாலைக் கடைத்தெருவில் பாய்க்கடை வைத்திருக்கும் நீலகண்ட பிள்ளை வீட்டில் தங்கல். இட்லி பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி பகவதியம்மாள், என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் நின்றுவிட்டார்.

"வந்தவாசியா? வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் சண்டை போட்ட எடமா?"

விடுவேனா? இங்கிலீஷ்காரன் இந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரன் அந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரனின் வெடிமருந்து வண்டி வெடித்தது என்று, பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் நேரில் பார்த்தவன்போல் அளந்தேன். அந்தப் போர்க்களத்தில் நான் காலெடுத்து வைத்ததே இல்லை.

பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "எங்க குடும்பத்தில, ஆறேழு தலைமுறைக்கு முன்ன, மாடசாமின்னு ஒருத்தர் திருநெல்வேலியிலேருந்து துப்பாக்கி தூக்கிட்டு அங்க போனாராம். எந்தப் பக்கம்னுகூட அறியாது. திரும்பி வரல்ல. செத்ததைக் கண்டவங்க இல்லாததால இன்னைக்கு வரைக்கும் அவருக்கு அமாவாசைப் பலி, பிண்டம் எதுவும் இட்டதில்ல, கேட்டேளா. நம்ம ஆளுகளைப் புதைச்சாங்களா, நாய் நரிக்கு விட்டாங்களா?"

"மாமனார் கண்ணு மூடுறப்பவும் இதைத்தான் கேட்டாங்க" என்றார் அம்மாள்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ்வளவு நேரம் அளந்துவிட்டு எப்படிச் சொல்வது?

"கோட்டைக்கு மேற்கே பெரிய புளியமரம் இருக்குங்க. அதுக்கடியிலதான் எல்லாரையும் மரியாதையா அடக்கம் பண்ணாங்க. நானே பார்த்திருக்கேன்" என்றேன்.

அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இலையில் இன்னும் இரண்டு இட்லி விழுந்தது. தின்றேன்.

மறுநாள் அமாவாசை; மாடசாமிக்குப் பலி இடப் பிள்ளை என்னையும் அழைத்துப்போனார். காலை ஆறு மணிக்குச் சங்குமுகம் கடற்கரை. நாலைந்து மைல், விடாத மழை. அப்படியும் கரை முழுக்கக் கூட்டம். பலி இடுவிக்கிறவர், "மரிச்ச ஸ்தலம் ஆரு கண்டது?" என்று கேட்டார். பிள்ளை என்னைக் காட்டினார்.

"நான்தான்" என்றேன்.

மாடசாமியின் பெயரை மூன்று தரம் சொல்லிப் பிண்டம் வைத்தார் பிள்ளை. கடலில் முழுகி வந்து, ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பாவுக்குக் கொடுத்து வைக்கல்ல. ஒங்களால எனக்குக் கெடச்சுது." நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

மாலை நாலு மணி வண்டிக்குக் கிளம்பும்போது அம்மாள் ஒரு குப்பியில் நல்லெண்ணெயும் திரியும் தந்தார். "அந்தப் புளியமரத்தடியில எங்களுக்காக ஒரு விளக்கு வச்சிருங்கோ." அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் மனம் நோகும் என்று எண்ணியதாகச் சொன்னால் அது இன்னொரு பொய். என் மானம் போய்விடும் என்று பயந்தேன்.

ஊர் வந்து மேற்கே நடந்தேன். நான் பார்த்தவரைக்கும் வேர்க்கடலைக் கொல்லை. அந்த மாதிரி மரமே இல்லை.

பிள்ளையின் கடைக்கு இந்தப் பத்திரிகை வருகிறது, அங்கே பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஐயா, அம்மா, நான் எதையும் பார்க்கவில்லை. விளக்கை ஏற்றிவிட்டேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு வரப்பின்மேல் வைத்தேன்.