சத்தமே வராத கேசட்

என் மகளும் மூன்று நண்பர்களும் போட்ட முதல் கேசட் வெளிவந்து ஒரு மாதமாகிறது. பாட்டே இல்லாத பரிசோதனை இசை. விற்பனை மந்தம்.

"யாருக்கும் பிடிக்கலைம்மா, பேண்டைக் கலைச்சிடலாம்னு இருக்கோம்" என்றாள் காலையில்.

மாலையில் மயிலாப்பூரில் ஒரு கடையில், யாரென்று சொல்லாமல், அந்தக் கேசட் வேண்டுமென்று கேட்டேன். கடைக்காரர் வழக்கம்போல் போட்டுப் பார்த்தார். சில நொடிகளில் நிறுத்திவிட்டார்.

"வேணாம் மேடம், சவுண்டே இல்ல. இதுவரைக்கும் நாலு பேர் வாங்க வந்தாங்க, இதையே சொல்லி அனுப்பிட்டேன். எல்லா பீசும் இப்படித்தான் கீது. திருப்பி அனுப்பப் போறேன்."

"ரெண்டு நிமிஷம் ஓடவிடுங்க. அப்புறம்தான் ஆரம்பிக்கும்."

ஓடவிட்டார். எங்கோ தொலைவிலிருந்து அலைச் சத்தம் மெல்ல வந்தது. அதற்குள்ளிருந்து ஒற்றை வயலின் எழுந்தது. வெளியே பஸ் ஹாரன்கூட அதில் கரைந்து போனது. கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

"இன்னா மேடம் இது, தூக்கம் வர்ற மாதிரியும் கீது, அழுகை வர்ற மாதிரியும் கீது."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "நாலு பேரா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, நண்பர்களுக்குப் போன் செய்ய ஓடினாள்.

முதல்முறை போட்டபோது, சத்தம் வரவில்லையே என்று நானும் டேப்ரெக்கார்டர் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தவள்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. உங்களில் வேறு யாராவது துடைத்திருந்தால், எனக்கு மட்டும் எழுதுங்கள்.