நெற்றியைத் தொட்டுப் பார்க்காத மாலை

பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது தாயின் மனம் அமைதியாக இருந்தால், அதை விசுவாசம் என்பதா, அசட்டை என்பதா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என் கணவரிடம் கேட்டேன். "ரெண்டுமில்ல. அன்னைக்கு நல்லாத் தூங்கியிருப்ப" என்றார். அவர் சிங்காநல்லூரில் ஒரு மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். எதையும் தூக்கத்தோடு சேர்த்துத்தான் யோசிப்பார்.

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. ஒரு மதியம் நல்ல காய்ச்சல். மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தபோதே கை கால்கள் வெட்டி இழுத்தன, கண்கள் மேலே செருகின. நான் பி.எஸ்ஸி. படித்தவள். ஆனாலும் பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிக் கத்தத்தான் தெரிந்தது. முன் வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா ஓடி வந்து, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் திணித்தார். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது இங்கே வழக்கம். "பயந்துக்காத கண்ணு, இப்ப நின்னுபோகும் பாரு" என்றபடி அவரேதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். ஆட்டோ கிளம்புவதற்குள் இழுப்பு நின்றுவிட்டது.

டாக்டர் பதறவில்லை. இது காய்ச்சல் ஏறும்போது சில பிள்ளைகளுக்கு வருவது, மறுபடியும் வரலாம், ஐந்தாறு வயதில் பெரும்பாலும் நின்றுவிடும் என்றார். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக்கூடாது, சீக்கிரம் நிற்காவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். "சாவிய பீரோவுக்கே வெச்சுக்கங்கம்மா" என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னார். அவர் சொன்ன அத்தனையிலும் என் காதில் தங்கியது 'மறுபடியும் வரலாம்' என்பது மட்டும்தான்.

அதன் பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. பிள்ளை விளையாடினாலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், தூங்கினாலும் தொட்டுப் பார்ப்பேன். அடுப்படியில் நின்ற கை சூடாக இருப்பதால் காய்ச்சல் தெரியவில்லையோ என்று சந்தேகம் வரும். கையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டுத் தொட்டால் எந்த நெற்றியும் சுடுவது போலத்தான் இருக்கும். சில நாட்களில் நான் பக்கத்தில் போனாலே மகள் தானாகத் தலையை நீட்ட ஆரம்பித்தாள்.

ஜெபமும் அப்படித்தான் ஆகிப்போனது. ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து ஜெபம் செய்யப் பழகியவள் நான். ஆனால் அந்த மாதங்களில் காய்ச்சல், சளி, தடுப்பூசி, மழை, பஸ் பயணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காப்பாற்றும்படி கேட்பேன். ஏதோ ஒன்று விட்டுப்போனதாகத் தோன்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். விட்டுப்போன அந்த ஒன்றின் வழியாக வலிப்பு உள்ளே வந்துவிடும் என்று பயம். ஜெபித்து எழும்போது முன்பைவிடக் களைப்பாக இருக்கும்.

எங்கள் சபையில் வாரம் ஒரு வீட்டில் பெண்கள் கூடி ஜெபிப்பார்கள். எங்கள் வீட்டின் முறை வந்தது. வீட்டுக்காரம்மா முருகனைக் கும்பிடுகிறவர். இருந்தாலும் பிள்ளைக்காக ஜெபம் என்றதும் வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தார். பிள்ளையின் மணிக்கட்டில் அவர் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு இருந்தது. சபை அக்கா ஒருவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், கயிறையும் கட்டிவிட்டுப்போட்டு ஜெபத்துக்கும் எங்களக் கூப்பிட்டா எப்படிங்க?"

யார் முகத்தைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரம்மாதான் பேசினார். "நாந்தானுங்க கட்டிப்போட்டேன். உங்க சாமி கோவிச்சுக்குமுங்களா?"

"அவரு கோவிச்சுக்க மாட்டாருங்க. நாங்கதான் கோவிச்சுக்குவோம்" என்றார் போதகரின் மனைவி.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மாவும் சிரித்தபடியே முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். "புள்ள நல்லாருந்தாச் சரிங்க. நானும் எனக்குத் தெரிஞ்ச மாதிரி கும்புட்டுக்கறேன்" என்றார்.

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள். நானும் கண்ணை மூடி என் வழக்கமான ஜெபத்தைத் தொடங்கினேன். அத்தனை சத்தத்தில் எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்றால், பின்னாலிருந்து ஒருவர் என் பிள்ளையின் காய்ச்சலுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் மருந்துக்காகவும் டாக்டருக்காகவும் கேட்கிறார். நான் கேட்க வேண்டியதையெல்லாம் மற்றவர்களே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. "ஆண்டவரே, பாத்துக்கங்க" என்றேன். ஜெபத்தில் 'நீர்' என்றே சொல்லிப் பழகிய எனக்கு அன்று வீட்டுப் பேச்சுதான் வாயில் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டு மற்றவர்களின் குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டீ கொடுத்தனுப்பி, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பைப் பற்றவைத்தபோதுதான், கூட்டம் தொடங்கியதிலிருந்து பிள்ளையின் நெற்றியை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரமே மறுபடி காய்ச்சலும் வலிப்பும் வந்தன. இந்த முறை நான் ஓடவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பயம் இருந்தது, ஆனால் அது என்னைப் பிடித்து உலுக்கவில்லை. வீட்டுக்காரம்மா சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"குடுக்கட்டுமா கண்ணு?"

"வேண்டாங்கம்மா. நீங்க பக்கத்துல இருங்க, போதும்."

அவர் பார்வை ஒரு நொடி பிள்ளையின் வெறும் மணிக்கட்டுக்குப் போய் வந்தது. கயிற்றைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. இழுப்பு நின்ற பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவில் மட்டும், "நீ அழுகவே இல்லையே அம்மணி" என்றார். அது பாராட்டு மாதிரி இல்லை.

அந்த வார்த்தைதான் என்னை விடமாட்டேன் என்கிறது. போன மாதம் ஒரு நாள் பிள்ளை பகல் முழுக்க என் கண் முன்னாலேயே விளையாடிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்காரம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "மேலு சுடுதே, பாக்கலியா கண்ணு?" என்றார். உடனே மருந்து கொடுத்தேன். வலிப்பு வரவில்லை. ஆனால் முன்பிருந்த நானாக இருந்தால் மதியமே கண்டுபிடித்திருப்பேன். கிடைத்த சமாதானம் ஆண்டவர் தந்தது என்று நம்புகிறேன். அதே சமாதானம் என் கையைச் சோம்பலாக்கிவிட்டதோ என்றும் தோன்றுகிறது.

இப்போது விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கும் அறுப்பின் பண்டிகை வரப்போகிறது. அன்று ஆராதனையில் என்னைச் சாட்சி சொல்லும்படி போதகரின் மனைவி கேட்டிருக்கிறார். எங்கள் சபையில் சாட்சிக்கு ஒரு போக்கு உண்டு. நோய் வந்தது, ஜெபித்தோம், சுகமானது என்று முடிப்பார்கள், சபை ஸ்தோத்திரம் சொல்லும். என் கதையில் சுகமானது என்ற இடம் இன்னும் வரவில்லை. அதைச் சொன்னேன். "சுகமானப்புறம் சொல்லறதுக்கு நெறைய பேரு இருக்காங்க. நீங்க இப்பவே சொல்லுங்க" என்கிறார். நான் சொல்வதைக் கேட்டு என்னைப் போன்ற ஒரு தாய் பிள்ளையைக் கவனிப்பதில் அசந்துவிட்டால் என்ன செய்வது? சொல்லாமல் விட்டால், நான் களைத்துக் கிடந்தது போலக் களைத்துக் கிடக்கும் இன்னொருத்திக்கு யார் சொல்வது?

இதை வாசிக்கும் தாய்மாரே, நோயுள்ள பிள்ளையை வைத்துக்கொண்டே சமாதானத்தைப் பற்றிச் சாட்சி சொன்னவர்கள் உங்களில் இருப்பீர்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் அன்று எழுந்து நிற்பீர்களா, இல்லை பிள்ளை வளரட்டும் என்று உட்கார்ந்திருப்பீர்களா? நின்றால் எப்படிச் சொல்வீர்கள்? தயவுசெய்து இந்த இதழுக்கு எழுதுங்கள்.