பொய் பிடிக்கும் மெசினும் என் மூச்சும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருடங்கள் யோசித்துவிட்டேன். இரண்டு தரம் கொப்பி வாங்கி, பிள்ளையார் சுழி போட்டதோடு மூடிவைத்தேன். எனக்கு உதவி செய்த ஒருவரின் மனம் நோகும் என்று எனக்கே சாட்டுச் சொன்னேன். உண்மையில் வெட்கம்தான்.

எண்பதுகளில் நான் மொன்றியாலுக்கு வந்தபோது மனைவியும் சின்ன மகளும் திருகோணமலையில் நின்றுவிட்டார்கள். அகதி என்று என்னை ஏற்றுக்கொண்ட பிறகும், அவர்களைக் கூப்பிடுவதற்கு நிரந்தர வேலைக் கடிதம் ஒன்று தேவையாக இருந்தது. நான் லாசாலில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மூன்று மாதம் வேலை, இரண்டு மாதம் வீடு என்று இருந்தேன். மகளுக்கு என் முகம் மறந்துகொண்டு வருகிறது என்று மனைவி எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை இரண்டாம் தரம் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் பொலிஸில் ஒரு வேலை வந்தது. துவக்குப் பிடிக்கிற வேலையில்லை. பிடித்துக்கொண்டு வருகிறவர்களை அடைத்துவைக்கும் அறைகளுக்கு முன்னால் இருந்து, அடிக்கடி எட்டிப் பார்த்து, சாப்பாடு தண்ணீர் கொடுக்கிற காவல் வேலை. எழுத்துச் சோதனையிலும் டொக்டரிடமும் தேறிவிட்டேன். பிறகு ஒரு கடிதம் வந்தது. லொங்குய்யில் உள்ள ஒரு கந்தோரில் பொய் பிடிக்கும் மெசினில் இருக்க வேண்டுமாம். என்னென்ன கேட்பார்கள் என்ற பட்டியலும் கூட வந்தது. களவு, போதைப்பொருள், அடிதடி எல்லாம் எனக்குப் பயமில்லை. கடைசியில் ஒன்று இருந்தது: அரசாங்கத்துக்குக் கொடுத்த ஏதாவது தாளில், பொய் என்று தெரிந்தும் கையெழுத்து வைத்திருக்கிறீர்களா?

அந்த ஒரு வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஊரில் ஆமிக்காரர் என்னை ஒரு தரம் பிடித்துப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். என் அகதி விண்ணப்பத்தில் இரண்டு தரம் என்று இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் நிரப்பித் தந்தவர் மொன்றியாலில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார்க்காரர். என்னைவிட இளையவர், நல்ல வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை தவறவிடமாட்டார். "ஒருக்கா எண்டா ஆரும் கவனிக்கமாட்டாங்கள் அண்ணை. ரெண்டா இருக்கட்டும்" என்றார். நான் கையெழுத்து வைத்தேன்.

இந்தக் கடிதத்தையும் அவரிடம்தான் காட்டினேன். சிரித்தார்.

"நான் செய்த பாவத்தை ஃபாதருக்குச் சொல்லவே ஒரு கிழமை யோசிக்கிறனான். நீங்கள் மெசினுக்குச் சொல்லப்போறீங்களோ?"

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்கட பஞ்சாட்சரத்தைச் சொல்லிக்கொண்டு இருங்கோ. நெஞ்சு படபடக்காட்டி மெசினுக்கு ஒண்டும் விளங்காது."

பொய் சொல்வதென்று தீர்மானித்துக்கொண்டுதான் நான் போனேன். அன்று காலை சுவாமி படத்துக்கு முன்னால் நின்றபோது என்ன கேட்பதென்று தெரியவில்லை. பொய்க்குத் துணை நில் என்று எப்படிக் கேட்பது? திருநீற்றைப் பூசிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். மெற்றோவில் மஞ்சள் லைனுக்கு மாறி, ஆற்றுக்குக் கீழே போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வெளியிலே நல்ல குளிர்.

கந்தோரில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர். பிரெஞ்சுக்காரர். ஆங்கிலம் அவருக்கும் படித்து வந்த மொழி என்றபடியால் மெதுவாகப் பேசினார், எனக்கு எல்லாம் விளங்கியது. மேசையில் தடித்த ஒரு ஃபைல் கிடந்தது. என் விண்ணப்பம் அதற்குள்தான் இருக்கிறது என்று நான் முடிவே செய்துவிட்டேன். நெஞ்சைச் சுற்றி ஒரு ரப்பர் குழாய், வயிற்றைச் சுற்றி ஒன்று, கையில் பிரஷர் பார்க்கிற பட்டி, இரண்டு விரல்களில் கிளிப். முகத்துக்கு நேரே வெறும் சுவர். முதுகுக்குப் பின்னால் பேனைகள் தாளில் கீறுகிற சத்தம்.

மூச்சை இழுக்கும்போது பாதி, விடும்போது பாதி என்று நான் மந்திரத்தைத் தொடங்கினேன். மூன்று கேள்விகள் போயின. நாலாவதுக்கு முன்னால் சத்தம் நின்றது. அவர் மெசினை நிறுத்திவிட்டார்.

மூச்சை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மணிக்கூடு மாதிரி ஒரே அளவாக வருகிறதாம். சாதாரண மனிதர் அப்படி மூச்சு விடுவதில்லையாம். மெசினை ஏமாற்ற வருகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்களாம். சாமியைக் கும்பிடுகிறேன் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. இந்தப் பழக்கம் எப்போதிருந்து என்று மட்டும் கேட்டார்.

என்னைப் பிடித்து வைத்திருந்தபோது தொடங்கியது என்றேன். அந்தப் பதினொரு நாளும் பக்கத்து அறைச் சத்தங்கள் காதில் விழாமல் இருக்க நான் இந்த மூச்சைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அதையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் எழுந்து மேசைப் பக்கம் வந்தார். பிறகு இரக்கத்தோடுதான் கேட்டார். "எத்தனை தரம் பிடித்தார்கள்?"

நான் அந்த ஃபைலைப் பார்த்தேன். இரண்டு என்று சொன்னால் முடிந்தது. அவர் மெசினையும் போடவில்லை, ஒரு பேனையும் அசையவில்லை. ஆனால் அந்த நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாயால் அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஏலாமல் போய்விட்டது.

"ஒரு தரம். விண்ணப்பத்தில் இரண்டு என்று இருக்கிறது. அது பொய். எனக்குத் தெரியும், தெரிந்துதான் கையெழுத்து வைத்தேன்."

அவர் ஃபைலைத் திறந்தார். என் எழுத்துச் சோதனைத் தாள்களும் டொக்டரின் அறிக்கையும் மட்டும்தான் இருந்தன. மூடி வைத்தார். பிறகு, கும்பிடுவதென்றால் முடிந்தபிறகு கும்பிடுங்கள், இப்போது சும்மா மூச்சு விடுங்கள் என்று சொல்லி மறுபடி தொடங்கினார். கடைசிக் கேள்வியை மாற்றிக் கேட்டார்: நீங்கள் இப்போது எனக்குச் சொன்னதைத் தவிர வேறு ஏதாவது தாளில் பொய் உண்டா? இல்லை என்றேன். மந்திரம் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் போல எனக்கு வேறொரு நேரம் நீண்டதில்லை.

அதற்குப் பிறகு ஏழு கிழமை. தபால்பெட்டியில் அரசாங்கத்தின் மண்ணிறக் கவர் ஒன்றைக் கண்டால் முதலில் யாருடைய பெயர் என்றுதான் பார்ப்பேன். என்னைத் திருப்பி அனுப்பினால் மனைவிக்கு முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது? அறை நண்பர் கேட்டபோது, கும்பிட்டுக்கொண்டிருந்தேன், முடிந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் எழுதித் தந்த பொய்யைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று சொல்லப் பயம்.

வேலை கிடைத்தது. அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமானநிலையத்தில் மகள் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். விண்ணப்பத்தைப் பற்றி இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. அந்த மீசைக்காரர் எழுதினாரா, எழுதாமல் விட்டாரா, எனக்குத் தெரியாது.

நண்பர் சந்தோஷத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார், பஞ்சாட்சரம் சொல்லி அண்ணை மெசினையே படுக்கவைத்துவிட்டார் என்று. பஜனைக்குப் போனால் ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவருமே.

பிறகு ஒருநாள் ரொக்ஸ்பரோவிலிருந்து ஒருவர் டெலிபோன் எடுத்தார். மூன்று பிள்ளைகளின் தகப்பன். அதே மாதிரி வேலைக்கு அவரும் போயிருக்கிறார். மறைக்க ஒன்றும் இல்லாத மனிதர், பயத்தில் என் கதையை நம்பி மூச்சை அளந்து விட்டிருக்கிறார். மெசினை ஏமாற்றப் பார்த்தார் என்று எழுதி, வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"நீங்கள் செய்ததைத்தானே நானும் செய்தனான் அண்ணை. எனக்கு மட்டும் ஏன் சரிவரேல்லை?"

அவருக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கடவுள் வேறு வழி காட்டுவார் என்று சொல்லி டெலிபோனை வைத்தேன். எனக்குத் தூக்கம் கெட்டது அன்றைக்குத்தான். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

அதனால்தான் இப்போது எழுதுகிறேன். வாசிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்க ஒரு சொல் கூட்ட வேண்டாம், என்னில் இரக்கப்பட்டு ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம். கிடக்கிறபடியே சொல்லுங்கள். சொல்லிச் சொல்லி ஒருநாள் அந்த ரொக்ஸ்பரோக்காரரின் காதுக்கும் அது போய்ச் சேரட்டும்.