முதலில் ஏற்றிய பெட்டி

போன வருஷம் ஐப்பசி மாதம். பதினோரு வருஷம் கொழும்புக்குப் பக்கத்து வத்தளையில் வாடகைக்கு இருந்துவிட்டு, மலைநாட்டில் ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் நானும் என் மனைவியும் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்கே சட்டிபானையோடு திரும்பி வந்த அன்று நடந்தது இது.

ஆசைப்பட்டு வரவில்லை. என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவளைப் பார்த்துக்கொள்ள அடிக்கடி லீவு போட்டதில் ஹார்ட்வெயார் கடை வேலையும் போய்விட்டது. அவளுடைய தங்கை குடும்பம் புது வீட்டுக்குப் போனதால் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா காலியாக இருந்தது. சரி, அங்கேயே போய்விடலாம் என்று முடிவு செய்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் ஒரே விஷயத்தைத்தான் மூன்று தடவை சொல்லி அனுப்பினார்: காயம் இன்னும் முழுதாக மூடவில்லை, தண்ணீர் படவே கூடாது.

மாகாணம் விட்டு மாகாணம் சாமான் கொண்டுபோக லொறி பிடிப்பது எங்களால் ஆகிற காரியமில்லை. மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வருகிற மலைநாட்டு லொறிகள் காலையில் வெறுமனேதான் திரும்பும். அப்படி ஒரு பண்டாரவளை லொறியைத் தெரிந்தவர் மூலம் பிடித்தேன். சாரதி முஸ்லிம் ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் முறையில் 'நானா' என்றே கூப்பிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பண்டாரவளையில் மறுபடி கோவா, லீக்ஸ் என்று மரக்கறி ஏற்ற வேண்டும், அதனால் வழியில் சுணங்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். லொறித் தட்டெல்லாம் லீக்ஸ் வாடை. நசுங்கிய இலைகளைக் கூட்டித் தள்ளிவிட்டு நானும் அவரும் சாமான் ஏற்றத் தொடங்கினோம்.

நான் தினமும் விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவன். கதிர்காமத்து முருகன் படம், அம்மன் படம், குத்துவிளக்கு, ஒரு சின்ன வேல் எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து மஞ்சள் துணியால் கட்டியிருந்தேன். எந்தச் சாமானுக்கும் முன்னால் சாமிதான் ஏற வேண்டும், யார் காலும் படக் கூடாது என்று அந்தப் பெட்டியை லொறியின் முன்பக்க மூலையில் கொண்டுபோய் வைத்தேன்.

"தம்பி, எறங்குற எடத்துல இது மொதல்ல வேணுமா, கடைசியில வேணுமா?" என்று கேட்டார் சாரதி.

"சாமி உள்ள போகாம வேற எதுவும் வீட்டுக்குள்ள போகாது நானா."

"அப்ப இத கதவுப் பக்கத்துல வைங்க. மொதல்ல ஏத்துறது கடைசியாத்தானே எறங்கும். மூட்ட அடிச்சே பொழைக்கிறவன் சொல்றேன்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க சாமி சமாச்சாரம் ஒங்களுக்குத் தெரியாது, விடுங்க" என்றேன். அந்தப் பெட்டிக்கு முன்னால் அலுமாரியையும் கட்டிலையும் தூக்கி வைத்துவிட்டோம்.

வழியெல்லாம் மனைவி தலையணையை வயிற்றோடு அணைத்தபடி முன் சீட்டில் இருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொள்வாள். சாரதி அவசரக்காரர்தான், ஆனாலும் பலாங்கொடை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பள்ளம் தெரிந்தாலே ஊர்ந்து போனார். "தங்கச்சி, வலிச்சா சொல்லுங்க, நிப்பாட்டுறேன்" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். அவள் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றாள். வலித்தது எனக்குத் தெரியும்.

தோட்டத்துக்கு வந்து சேர மூன்றரை மணி. லயத்துக்கு லொறி போகாது. மேல் ரோட்டில் நிறுத்தி, நூற்றைம்பது படி சாமானைச் சுமந்து இறக்க வேண்டும். உதவிக்கு ஆள் இல்லை. எல்லோரும் மலையில், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வர நாலரை ஆகும். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

நீண்ட நேரம் உட்கார்ந்ததில் மனைவிக்குக் கால் வீங்கியிருந்தது. மெல்லமாகப் படி இறங்கிப் போகிறேன் என்றாள். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து வைத்தேன். பிறகு அவளிடம் சொன்னேன்: "சாமி வர்ற வரைக்கும் உள்ள போயிராத. இங்கனயே உக்காரு, இப்ப வந்துருவேன்."

வாசலில் ஒரு கல் கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். வாசலுக்கு மேலே தகரம் இல்லை. தங்கை வீட்டார் புது வீட்டுக்குப் போகும்போது கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். போட்டது அவர்கள்தான், எப்படிக் கேட்பது? அக்கம்பக்கத்துக் காம்பராக்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

நான் மேலே போனால் பெட்டி எங்கே, நான் எங்கே! பாத்திர மூட்டை, மெத்தை, மேசை, கட்டில் பலகை எல்லாவற்றையும் ரோட்டோரத்தில் இறக்க வேண்டியிருந்தது. பாதியிலேயே மழை பிடித்துக்கொண்டது. சாமானை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். நானோ பெட்டி, பெட்டி என்றே நின்றேன். அலுமாரி அசையவில்லை.

சாரதி என்னைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். சாமான் இறக்குவது அவர் வேலையே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கையைக் கழுவினார். அலுமாரிக்கும் லொறிக் கூட்டுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கியபடி வெளியே வந்தார்.

"புடிங்க தம்பி. எங்கயும் கீழ வைக்கல" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரே லொறியை மூடுகிற தார்ப்பாய்ப் படங்கில் ஒரு துண்டை எடுத்துப் பெட்டிமேல் போர்த்திவிட்டார். தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினேன்.

அவள் அந்தக் கல்லில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. வயிற்றில் அணைத்திருந்த தலையணை நனைந்து கனத்துத் தொங்கியது. உதடு நடுங்கியது. அவளுக்குப் பின்னால் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே தரை காய்ந்திருந்தது.

"ஏன்டி, உள்ள போயிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"நீங்கதானே சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் கேட்டாள்: "சாமி நனையாம வந்துருச்சா? இப்ப உள்ள போலாமா?"

தலையில் இருந்த பெட்டியைத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அந்தப் பெட்டியை அப்படியே சேற்றுத் தரையில் வைத்தேன். நாற்பத்து நான்கு வயதில் சாமி படத்தைத் தரையில் வைத்தது அன்றைக்குத்தான். அவளைத் தூக்காத குறையாக உள்ளே கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்து, என் சட்டையைக் கழற்றிப் பிழிந்து தலையைத் துவட்டினேன். வலது காலா, இடது காலா, எதை முதலில் வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை.

திரும்பினால் வாசலில் சாரதி. எங்கள் மெத்தையைப் படங்கால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் நானா நிக்கிறீங்க?"

"ஒங்க பொட்டி இன்னும் வெளியதானே கெடக்கு தம்பி. நான் எப்படி உள்ள வர்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "வாங்க நானா, மெத்த வரட்டும் மொதல்ல" என்றேன். அவர் உள்ளே வந்து தாமே மெத்தையை விரித்தார். "தங்கச்சிக்கு மாத்துச் சேல எந்த மூட்டையில?" என்று கேட்டு, மறுபடி மேலே ஓடினார்.

சாமி கடைசியாகத்தான் உள்ளே வந்தார். எண்ணெயும் திரியும் எந்த மூட்டையில் இருந்தன என்று தெரியாததால் அன்றைக்கு விளக்குக்கூட ஏற்றவில்லை. சாரதி ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை, குடிக்கக் கொடுக்க என்னிடமும் எதுவும் இல்லை. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. பண்டாரவளையில் அவருக்காக லோட் காத்திருந்ததோ, வேறு லொறிக்குப் போய்விட்டதோ, அவர் சொல்லவில்லை. வத்தளையில் நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க. தங்கச்சிய மொதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவிக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஒவ்வொரு தடவையும் மருந்து கட்டும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கையைப் பிடிக்கக் கொடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முருகன் காப்பாற்றினார், இப்போது நன்றாக இருக்கிறாள். நானும் விளக்கேற்றுவதை விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் தீப்பெட்டியைக் கையில் எடுத்ததும், அவள் சாப்பிட்டாளா, எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் குச்சியை உரசுகிறேன். அந்தக் கொஞ்ச நேரம் காத்திருப்பதற்குச் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று இப்போது நிச்சயமாகத் தெரியும்.