பாக்கியம் கொண்டுபோன கிணற்றுத் தண்ணீர்

உங்கள் குழந்தைக்கு ரத்தமும் சீதமுமாக வயிறு போனால் என்ன கொடுப்பீர்கள்? விளக்கெண்ணெயா?

காஜா பெராங் என்ற ஊரில் துணி வெளுத்துப் பிழைக்கும் பாக்கியமும் அதைத்தான் கொடுத்தாள். ஒரு கரண்டியிலேயே மகள் சீதா துவண்டுவிட்டாள். மாலையில் பாக்கியத்தின் தாய்மாமன் பொன்னுதுரை மறுபடியும் போத்தலைத் திறந்தார்.

"இன்னொரு கரண்டி ஊத்து புள்ள. உடம்புச் சூடு முழுசா இறங்கல."

"இறங்க என்ன மாமா இருக்கு? தோலும் எலும்பும்தான். வேணும்னா நீங்க குடிங்க!"

குழந்தையை வாரிக்கொண்டு பெச்சா என்ற மிதிவண்டி ரிக்‌ஷாவில் ஏறி ஆஸ்பத்திரிக்கு விரைந்தாள்.

அது சூடே அல்ல. மலத்திலிருந்து குடிநீருக்கு வந்த கிருமி. குடலின் உட்சவ்வில் புகுந்து அது நஞ்சைக் கக்குகிறது. சவ்வு வெந்ததுபோல் உரிந்து, வீங்கிப் புண்ணாகி, ரத்தம் கசிகிறது. அந்தப் புண்ணின் மேல் பேதி மருந்தை ஊற்றினால், உடம்பில் மிஞ்சிய நீரும் போய்விடும்.

சீதா பிழைத்தாள். ஆனால் வீடு திரும்பிய பாக்கியத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடிக்கிற கிணற்றை ஒட்டியே வாளிக் கக்கூஸ். வாடகை வாங்கும் முதலாளி வீட்டிலோ குழாய்த் தண்ணீர். மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குத் தெருவெங்கும் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் விளக்கெண்ணெய்ப் போத்தலைக் கழுவி, கிணற்று நீரை நிரப்பி, அவர் வாசலில் போய் நின்றாள்.

"முதலாளி, ஒரு மடக்கு குடிங்க. அப்புறம் போயிடறேன்."

அவர் கதவைச் சாத்தினார். அவர் அவளுக்குப் போட்டுத்தர வேண்டிய குழாய் இன்னும் வரவில்லை. நாளையும் அவள் போவாள்.

இன்றே உங்கள் கிணற்றடியைப் போய்ப் பாருங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். பிறகு ஒரு போத்தலை நிரப்பிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.