மேட்டுத் தெருவில் கட்டிய வேப்பிலை

பச்சையம்மா யாரையும் நம்பமாட்டாள். பால்காரர் ஊற்றுகிற பாலை விரலால் தொட்டு நக்கிப் பார்த்துத்தான் உள்ளே எடுத்துப் போவாள். கோயிலில் கொடுத்த குங்குமத்தையே முகர்ந்து பார்த்தவள் அவள். பக்கத்து வீட்டுக்காரியான நான் கொஞ்சம் சிரித்துப் பேசிவிட்டால் போதும், "இன்னா விசயம்? இன்னிக்கு வாயில தேனா ஒழுவுது?" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவள் சுட்டு விற்கும் இட்லிக்காகப் பொறுத்துக்கொள்வேன்.

அவள் புருஷன் குப்பண்ணன் நேர்மாறு. யார் எதைச் சொன்னாலும் நம்புவார். ஆனால் சொல்வது அவர் காதில் விழ வேண்டுமே! ரைஸ் மில் இரைச்சலுக்குள்ளேயே வேலை பார்த்துக் காது சுத்தமாகப் போய்விட்டது. தான் பேசுவது தனக்கே கேட்காததால், உப்பு வேண்டுமென்றாலும் ஊர் கேட்கக் கத்துவார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியைச் சுற்றித் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தன. இரும்பு ஏற்றிய லாரிகள், பெரிய ரோட்டில் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எங்கள் மேட்டுத் தெருவுக்குள் புகுந்தன. தெருவோ ஒரு மாட்டுவண்டி வந்தாலே ஆள் ஒதுங்க வேண்டிய அகலம். ஓரமெல்லாம் சாக்கடை. குப்பண்ணன் நடுத்தெருவில்தான் நடப்பார். பின்னால் ஹாரன் அலறினால் அவருக்கு என்ன தெரியும்? ஒரு நாள் லாரி உரசிக்கொண்டு போனதில் அவர் தோளில் கிடந்த துண்டு அதோடு போய்விட்டது. துண்டோடு மனுஷனும் போயிருந்தால்? பச்சையம்மா அன்று சோறு தின்னவில்லை.

தெருவே திரண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். எங்கள் வார்டு மெம்பர் அரசப்பன் சிரித்துக்கொண்டே, "கூட்டத்துல பேசிக்கினுதாம்மா கீறோம். ஃபேக்டரி வந்தா ஊருக்கு நல்லதுதானே?" என்றார்.

"பேசிக்கினு கீறீங்களா, டீ குட்ச்சிட்டு எய்ந்து வர்றீங்களா?" என்றாள் பச்சையம்மா.

கடைசியில் 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகை நட்டார்கள். அதையும் ஒரு லாரியே இடித்துச் சாய்த்துவிட்டுப் போயிற்று.

"அரசப்பனுக்கு லாரியில பங்கு கீது, பாத்துக்கோ" என்றாள். பங்கு இருந்ததோ இல்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆளின் சிரிப்பு எனக்கும் பிடிக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை தெருமுனையில் குறுக்கே வேப்பிலைத் தோரணம் தொங்கியது. பச்சையம்மா வீட்டு வாசலிலும் ஒரு கொத்து. அவளுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளி ஆள் நுழையக் கூடாது. இட்லி வியாபாரத்தை நிறுத்தினாள். புருஷனைக் கையசைத்தே விரட்டி, எங்கள் வீட்டுக் கொட்டகையில் படுக்க வைத்தாள். கதவிடுக்கில் அவளுடைய மஞ்சள் புடவை மட்டும் தெரியும்.

அம்மா வந்திருக்கிற தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு போக எந்த டிரைவருக்குத் துணிச்சல் வரும்? லாரிகள் முனையிலேயே நின்றன. டிரைவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வண்டியைப் பின்னால் எடுத்துப் பெரிய ரோட்டுக்கே திரும்பினார்கள்.

எனக்குத்தான் உறுத்தியது. அம்மை கண்டவள் வீட்டிலிருந்து மத்தியானத்தில் கடுகு பொரிகிற வாசனை எப்படி வரும்? கொல்லைப் பக்கமாக நுழைந்தேன். முகத்தில் ஒரு முத்து இல்லை. கருவாட்டுக் குழம்பை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!

"அடிப்பாவி! சாமி விசயத்துல வெளையாடறியே!"

"நான் ஏன் செய்றேன்னு அந்த மகமாயிக்குத் தெரியும். நீ போயி அரசப்பன்கிட்ட வத்தி வெச்சிடாத."

"அண்ணனுக்காவது சொன்னியா?"

"அதுக்கு எப்புடி சொல்றது? நான் காதுல கத்தணும். அது திருப்பிக் கத்தும். பஞ்சாயத்து ஆபீசு வரிக்கும் கேக்கும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, காலங்காத்தால அது எங்க போவுது? ஜன்னல் வழியா பாத்துக்கினுதான் கீறேன். சாராயக் கடைக்கா?"

"தலைக்குக் குளிச்சிட்டு யாராவது சாராயக் கடைக்குப் போவாங்களா?"

"வாடை தெரியாம கீறதுக்குத்தான்" என்றாள். அவளிடம் எதற்கும் பதில் இருக்கும்.

மறுநாள் காலை பெரிய ரோட்டிலிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். குப்பண்ணன் மேல் லாரி ஏறிவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் எல்லையம்மன் கோயில். ஈரத் துணியோடு, மஞ்சள் தண்ணீர்ச் சொம்பைக் கையில் ஏந்திக்கொண்டு ரோட்டைத் தாண்டியிருக்கிறார். எங்கள் தெருவிலிருந்து திருப்பி அனுப்பிய லாரி பின்னால் வந்தது அவருக்குக் கேட்கவில்லை.

பச்சையம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அந்தச் சுத்தமான முகத்தைத் தெருவே பார்த்தது. அதைப் பற்றி அப்போது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரசப்பன்தான் வண்டி பிடித்து மதராஸ் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். இவன் எதற்கு உதவுகிறான் என்று அவளும் கேட்கவில்லை.

ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவருக்கு நினைவு திரும்பிய அன்று நானும் கூட இருந்தேன். கண்ணைத் திறந்ததும் அவர் கத்தியதில் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இன்னா பச்ச, எய்ந்து வந்துட்டியா? அம்மா எறங்கிச்சா? உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு தெனம் கோயில சுத்தி வந்தேனே!"

ஐயோ, அவள் முகத்தை நான் பார்க்கமாட்டாமல் திரும்பிக்கொண்டேன். அவள் அவர் காதருகே குனிந்து, "எறங்கிடுச்சுய்யா, எறங்கிடுச்சு" என்று கத்தினாள்.

அவர் கையை நீட்டி அவள் நெற்றியையும் கன்னத்தையும் மெதுவாகத் தடவிப் பார்த்தார். "ஒரு தழும்புகூட இல்ல பாரேன்!" என்று என்னைப் பார்த்து ஊர் கேட்கச் சந்தோஷப்பட்டார்.